லயத்துக் கொல்லையும் மண்ணெண்ணெய்த் தகரமும்

மலாயாவின் பொருளியல் வரலாற்றை எழுதியோருள் பெரும்பாலோர் இரப்பர் மரத்தை அண்ணாந்து பார்த்தே எழுதினர். 1877ஆம் ஆண்டில் கியூ பூங்காவிலிருந்து சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 கன்றுகளின் கதை பள்ளிச் சிறுவரும் அறிந்தது. அக்கன்றுகளின் வழித்தோன்றல்களில் பால் வெட்டிய கைகள் மாலை நேரத்தில் லயத்தின் பின்புறம் எதனை நட்டன என்பதைக் குனிந்து பார்த்தோர் மிகச் சிலரே. உடைந்த வாளியில் முளைத்த கறிவேப்பிலைக்கு ஆண்டும் இல்லை, ஆவணமும் இல்லை. ஆயினும், அரிசிப் பஞ்சமும் போரும் வேலையின்மையும் அடுத்தடுத்து வந்த காலங்களில் தோட்டப்புறத் தமிழ்க் குடும்பங்கள் பசியைத் தாங்கி நின்றதில் அந்தக் கொல்லைக்கும் ஒரு பங்கு உண்டு. அப்பங்கினை அளந்து பார்ப்பது வரலாற்று மாணவர்க்குரிய பணியேயாகும்.

முதலில் நிலத்தைப் பற்றிய செய்தி. லயம் என்பது தோட்ட நிருவாகத்தின் உடைமை. வரிசையாய் நின்ற அறைகளும், அவற்றின் முன்னும் பின்னும் கிடந்த மண்ணும், குழாயும் கிணறும் யாவும் நிருவாகத்துக்கே உரியன. அங்கு வாழ்ந்தவனுக்கு வேலை உள்ளவரைதான் வீடு; வீடு உள்ளவரைதான் கொல்லை. இரண்டாம் உலகப் போருக்கு முன்னரே மலாயாவின் தொழிலாளர் சட்டம், குடும்பத்தைத் தாங்கும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலத்தைக் காய்கறி பயிரிடவோ கால்நடை மேய்க்கவோ ஒதுக்க வேண்டும் என்று விதித்திருந்தது. பதினாறில் ஒரு பங்கு என்றால் 2,722 சதுர அடி. தமிழ்நாட்டுக் கணக்கில் ஆறேகால் சென்ட். பக்கத்துக்கு 52 அடி கொண்ட ஒரு சதுரத்தை மனத்தில் வரைந்து பார்த்தால் அதன் அளவு விளங்கும். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்குக் கீரையும் மிளகாயும் கத்தரியும் தரப் போதுமான இடம் அது. சட்டத்தில் எழுதப்பட்டதும் தரையில் கிடைத்ததும் எல்லாத் தோட்டங்களிலும் ஒன்றாக இருந்தன என்று கூற இயலாது. சில இடங்களில் ஒதுக்கிய நிலம் சரிவிலோ சதுப்பிலோ அமைந்தது. சில இடங்களில் லயத்திலிருந்து நெடுந்தூரம் தள்ளிக் கிடந்தது. விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, நண்பகல் கடந்து பாலை நிறுத்துப் போட்டுவிட்டுத் திரும்பும் பெண்ணொருத்தி அரை மைல் நடந்து சென்று கீரை விதைப்பாள் என்று எதிர்பார்ப்பது வீண். ஆகவேதான் சமையற்கட்டின் பின்வாயிலுக்கும் கழிவுநீர்க் கால்வாய்க்கும் இடைப்பட்ட நாலைந்து அடி மண்ணே மெய்யான தோட்டமாயிற்று.

அந்த மண்ணை அறிந்துகொள்வதே ஒரு புதுக்கல்வியாக இருந்தது. வட ஆர்க்காடு, சேலம், திருச்சி, தஞ்சை ஆகிய மாவட்டங்களிலிருந்து வந்தவர்களுள் பலர் உழவை அறிந்தவர். ஆனால் அவர்கள் அறிந்த உழவு, தண்ணீரைத் தேக்கிவைக்கும் உழவு. அவ்வூர்களில் ஆண்டு மழை 1,000 மில்லிமீட்டரை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோ பெய்வது; அதுவும் சில மாதங்களில் மட்டுமே. ஆகையால் பாத்தி என்றால் நாற்புறமும் வரப்புக் கட்டிய பள்ளம் என்பதே அவர்தம் பொருள். மலாயாவிலோ ஆண்டுக்கு ஏறத்தாழ 2,500 மில்லிமீட்டர் மழை. மாலைதோறும் இடியுடன் கொட்டும் மழை. பள்ளப் பாத்தியில் இட்ட விதை இரண்டாம் நாளே அழுகியது. வரப்பை உடைத்து மண்ணை நடுவில் குவித்து, சுற்றிலும் வாய்க்கால் விட்ட மேட்டுப் பாத்திக்கு அவர்கள் மாறினர். சீனக் காய்கறித் தோட்டக்காரர்கள் அமைத்த மேட்டுப் பாத்திகளும் அவர்கள் கண்முன் இருந்தன. பாத்தி என்ற சொல் அப்படியே நிற்க, அதன் உருவம் மட்டும் தலைகீழாயிற்று. மொழியாசிரியர்கள் மாணவர்க்குக் காட்டத்தக்க நல்ல எடுத்துக்காட்டு இது. கடல் கடந்த சொற்கள் பலவற்றுக்கும் இத்தகைய மாற்றம் நேர்ந்திருக்கிறது.

மழையின் மற்றொரு விளைவு, மண்ணின் சத்து கரைந்து ஓடிவிடுவது. மலாயாவின் செம்மண் பெரும்பாலும் புளிப்புத் தன்மை கொண்டது. இங்குதான் அடுப்புச் சாம்பல் தன் பெருமையைக் காட்டியது. லயத்து அடுப்பில் எரிந்தது காய்ந்த இரப்பர் விறகு. அதன் சாம்பலில் பொட்டாசியச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. இவை புளிப்பை முறித்து, காய் பிடிக்கவும் உதவுவன. இந்த வேதியியலை லயத்துப் பெண்கள் படித்தாரில்லை. கத்தரிச் செடியின் அடியில் சாம்பலிட்டால் காய் பெருக்கும் என்பதையும், விடியற்காலையில் பனி காயுமுன் இலைமேல் தூவினால் அசுவினி விலகும் என்பதையும் கண்டறிந்திருந்தனர். நீற்றுப் பூசணியை அடுப்புக்கு மேல் கட்டித் தொங்கவிட்டதும், அவரை விதையைச் சாம்பலில் புரட்டிப் போத்தலில் அடைத்ததும் இதே அறிவின் பாற்பட்டவை. தாயகத்தில் விதைக்குப் பகை வண்டு. இங்கு வண்டோடு ஈரமும் சேர்ந்துகொண்டது. புகையும் சாம்பலும் இரண்டையும் ஒருங்கே தடுத்தன.

சமையற்கட்டிலிருந்து வெளியேறிய எதுவும் வீணாகவில்லை. அரிசி கழுவிய நீர் வாழைக்கும் பசலைக்கும் போயிற்று. மீன் கழுவிய நீரும் புளித்துப்போன மோரும் கறிவேப்பிலையின் அடிக்கென்றே ஒதுக்கப்பட்டன. தேயிலைச் சக்கை, காப்பிச் சக்கை, முட்டை ஓடு, வெங்காயத் தோல் ஆகியன வாழையடியில் தோண்டிய குழியில் மக்கின. பால் மாடு வைத்திருந்த வீட்டாரிடம் சாணம் கிடைத்தது. அதற்கு ஈடாக ஒரு கட்டுக் கீரையோ ஒரு புடலங்காயோ கைமாறிற்று. காசு புழங்காத இந்தப் பண்டமாற்று எந்தக் கணக்கேட்டிலும் இடம்பெறவில்லை. தோட்டக் கடையில் கடனுக்கு வாங்கும் சாமான்களின் தொகை மாதக் கடைசியில் சம்பளத்தை விழுங்கிய நிலையில், கணக்கில் ஏறாத ஒரு கட்டுக் கீரைக்கு மதிப்பு மிகுதி.

கலன்களின் வரலாறு தனியே எழுதத்தக்கது. நாற்சதுரமாய் நின்ற நான்கு காலன் மண்ணெண்ணெய்த் தகரம் தோட்டப்புறத்தின் பொதுப்பாத்திரம். தண்ணீர் சுமக்கவும், அரிசி கொட்டிவைக்கவும், பிரித்துத் தட்டிக் கூரை ஓட்டையை அடைக்கவும் அது பயன்பட்டது. துருப்பிடித்து அடி ஓட்டையாகியபின் அதன் இரண்டாம் வாழ்வு தொடங்கியது. நெடுக்காக வெட்டினால் இரண்டு தொட்டிகள் கிடைக்கும். அடியில் ஆணியால் துளையிட்டு, ஓட்டுச் சில்லுகளைப் பரப்பி, மண்ணும் சாணமும் சாம்பலும் கலந்து நிரப்பினால் கீரைப் பாத்தி ஆயத்தம். கோழிக்கும் ஆட்டுக்கும் எட்டாத உயரத்தில் அதனை வைக்கலாம் என்பது பெரிய வசதி. வேறு லயத்துக்கோ வேறு தோட்டத்துக்கோ மாற நேர்ந்தால் கையோடு தூக்கிச் செல்லலாம் என்பது அதனினும் பெரிய வசதி. சொந்த மண் இல்லாதவன் மண்ணைத் தகரத்தில் வைத்துக்கொண்டான்.

கெட்டிப்பால் டின்னுக்கு வேறு பணி. அடியில் சிறுசிறு துளைகளிட்டுத் தண்ணீரில் முக்கித் தூக்கினால் அது பூவாளி. துளைகளைக் குறைத்து மண் நிரப்பினால் மிளகாய் நாற்றுக்குத் தொட்டில். கொட்டாங்கச்சியோ இயற்கையே துளையிட்டுத் தந்த கலன். தேங்காயின் மூன்று கண்களுள் ஒன்று மெல்லியது; அதனைக் குச்சியால் குத்திவிட்டால் நீர் வடியும் வழி ஏற்பட்டுவிடும். நாற்று வளர்ந்ததும் ஓட்டைத் தட்டி உடைத்து, வேர் குலையாமல் அப்படியே நிலத்தில் வைக்கலாம். விளிம்பு உடைந்த பால் மங்குகளும் இவ்வாறே நாற்றுக்கு உதவின. மங்கு என்பது மலாய்ச் சொல்லாகிய மங்கோக் என்பதன் தோட்டத் தமிழ் உருவம். பால் வடிந்த கலத்தில் துளசி முளைப்பதை லயத்து வாசல்களில் காண முடிந்தது. கிழிந்த கோணிச் சாக்கு நாற்றுக்கு நிழல் தந்தது. புடலங்காயின் நுனியில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டு அதனை நேராக வளரச் செய்தனர். அடி கரிந்த பழஞ்சட்டிக்குச் சுண்ணாம்புப் புள்ளி குத்திக் கொம்பில் கவிழ்த்தால் அது கண்ணேறு கழிப்பதாக நம்பினர். பறவையும் சற்றே அஞ்சியது. இதில் எது நம்பிக்கை, எது வேளாண்மை என்று பிரித்துக் காட்ட முயல்வது அந்தக் கொல்லையைப் புரிந்துகொள்ளாத செயல்.

விதை வாங்கக் காசு தேவைப்படவில்லை. மளிகைச் சாமான்களே விதைப்பெட்டி. வெந்தயத்தைத் தூவினால் சில நாட்களில் கீரை. கொத்துமல்லியை இரண்டாக உடைத்து ஊறவைத்து விதைத்தால் தழை. வற்றல் மிளகாயை உதிர்த்தால் நாற்று. முருங்கைக்குக் கிளையை வெட்டி நட்டால் போதும். கறிவேப்பிலைக்கு வேரிலிருந்து கிளைக்கும் கன்றைப் பெயர்த்துக் கொடுப்பார்கள். பசலையும் பொன்னாங்கண்ணியும் ஆய்ந்தபின் எஞ்சும் தண்டிலிருந்தே மீண்டும் துளிர்ப்பவை. ஒன்றிரண்டு பயிர்கள் இம்மண்ணில் தோற்றன. கொத்துமல்லி தாழ்நில வெப்பத்தில் விரைந்து பூத்துவிடும். தக்காளி வாடல் நோயால் திடீரெனச் சாயும். அவற்றின் இடத்தை இந்நாட்டுக் கீரைகள் பிடித்தன. காங்கோங் என்ற நீர்க்கீரையும் சாயூர் மானிஸ் என்ற செடிக்கீரையும் மலாய், சீன அண்டை வீட்டாரிடமிருந்து தமிழர் சட்டிக்கு வந்து சேர்ந்தன.

1930ஆம் ஆண்டையொட்டி உலகப் பொருளாதார மந்தம் இரப்பர் விலையைச் சரித்தபோது கொல்லைக்கு முதற்சோதனை வந்தது. கூலி குறைந்தது, வேலை இழந்தோர் பல்லாயிரவர் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். எஞ்சியோர் காய்கறியால் கையைச் சுருக்கிப் பிழைத்தனர். அக்காலத்தில் பள்ளிகளிலும் தோட்டக்கலைக்கு இடமிருந்தது. 1916ஆம் ஆண்டில் ஜாவாவுக்கும் பிலிப்பைன்சுக்கும் சென்று வந்த வின்ஸ்டெட், தாய்மொழிக் கல்வியில் தோட்டவேலையும் கூடை முடைதலும் சேர வேண்டும் என்று பரிந்துரைத்தார். 1922இல் தஞ்சோங் மாலிமில் திறக்கப்பட்ட சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி அவ்வழியிலேயே மலாய் ஆசிரியர்களைப் பயிற்றியது. உழவன் மகன் உழவனாகவே இருக்கட்டும் என்ற குடியேற்ற அரசின் உள்நோக்கம் இத்திட்டத்தில் மறைந்திருந்தது என்ற குற்றச்சாட்டு நியாயமானதே. எனினும், பள்ளிப் பாத்தியில் மண்வெட்டி பிடித்த சிறுவர்க்குச் சில ஆண்டுகளில் அந்த மண்வெட்டி உண்மையாகவே தேவைப்பட்டது என்பதும் வரலாறு.

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயா தான் உண்ட அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வரவழைத்து வந்த நாடு. கப்பல் நின்றதும் உலை நின்றது. பங்கீட்டு அரிசி மாதத்துக்கு மாதம் சுருங்கியது. மேற்குலகச் சந்தை அறுந்துபோனதால் இரப்பர் வெட்டும் வேலையும் இல்லை. வேலை இல்லாத இடத்தில் கூலியும் இல்லை. உணவு பயிரிடுமாறு ஆட்சியாளர் ஊரெங்கும் வற்புறுத்தினர். விளையாட்டுத் திடல்களும் சாலையோரங்களும் மரவள்ளிக் காடாயின.

மரவள்ளி அக்காலத்தின் அன்னம். ஒரு முழக் குச்சியை வெட்டிச் சாய்த்து நட்டால், ஏறத்தாழ எட்டு முதல் பத்து மாதங்களில் கிழங்கு; வெட்டிய தண்டே அடுத்த பயிருக்கு விதை. அவித்தும், துருவிப் பிழிந்து மாவாக்கியும், காயவைத்து இடித்தும் உண்டனர். பச்சைக் கிழங்கில் உள்ள நஞ்சு, தோலுரித்து ஊறவைத்து நன்கு வேகவைத்தால் நீங்கும். கசக்கும் இனத்தை அறியாமல் அரைவேக்காட்டில் உண்டவர்க்குத் துன்பம் நேரும். வயிற்றை நிரப்பும் மாச்சத்தன்றி அக்கிழங்கில் வேறு சத்து மிகக் குறைவு. அதனையே நாளும் உண்டவர்களுக்குக் கால் வீங்கியது; பெரிபெரி நோய் பரவியது; புண் ஆறாமல் புரையோடிற்று. இந்த இடத்தில்தான் பழைய கொல்லையின் அருமை தெரிந்தது. முருங்கைக் கீரை, அகத்திக் கீரை, மரவள்ளியின் இளந்தளிர், சர்க்கரைவள்ளிக் கொடியின் இலை என்று எதையேனும் கிழங்கோடு சேர்த்து அவித்த வீட்டில் நோயின் கடுமை சற்றே குறைந்திருக்கும் என்பதை இன்றைய ஊட்டவியலைக் கொண்டு உய்த்துணரலாம். முருங்கை மரம் நின்ற வீட்டுக்கு அன்று மருந்துக்கடை ஒன்று வாசலில் நின்றது போலாகும்.

அக்கொல்லைகளைக் காத்தவர் பெரும்பாலும் பெண்களே. 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்த சயாம்–பர்மா இரயில் பாதைப் பணிக்குத் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் கொண்டு செல்லப்பட்டனர். திரும்பாதோர் தொகை பெரிது. ஆண் இல்லாத லயங்களில் கிழவியரும் இளந்தாயரும் சிறுவரும் மண்ணைக் கிளறினர். மரணப் பாதையைப் பற்றி எழுதுவோர் காட்டையும் காலராவையும் விரிவாகவே எழுதுகின்றனர், அது முறையே. அதே பதினைந்து பதினாறு மாதங்களில், பின்தங்கிய குடும்பம் எதனை உண்டு உயிர் பிடித்திருந்தது என்ற வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை.

மண்ணறிவு தானாக வருவதன்று என்பதற்கு அக்காலத்திலேயே சான்று உண்டு. சிங்கப்பூரின் உணவு நெருக்கடியைக் குறைப்பதற்காக 1943ஆம் ஆண்டுமுதல் ஜொகூரின் எண்டாவிலும் நெகிரி செம்பிலானின் பகாவிலும் குடியேற்றங்கள் அமைக்கப்பட்டன. பகாவுக்குச் சென்ற யுரேசியரும் கத்தோலிக்கச் சீனரும் பெரும்பாலும் நகரவாசிகள். எழுத்து வேலை பார்த்தவர்கள். மண் வளமற்றது, மலேரியா கொடியது. நூற்றுக்கணக்கானோர் அங்கே மாண்டனர்.

போர் முடிந்தும் கொல்லைக்கு அமைதி கிட்டவில்லை. 1948 ஜூன் மாதம் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. 1950இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்படி சிதறிக் கிடந்த மக்கள் கம்பிவேலிக்குள் ஒன்றுசேர்க்கப்பட்டபோது, காட்டோரத்து லயங்களும் இடம் மாறின. காட்டிலுள்ள கொரில்லாக்களுக்கு உணவு சென்று சேரலாகாது என்பதால் அரிசியும் கிழங்கும் கட்டுப்பாட்டுக்கு உள்ளாயின. வேலிக்கு வெளியே கிடந்த மரவள்ளிக் கொல்லை சந்தேகப் பொருளாயிற்று. நேற்றுவரை உயிர் காத்த பயிர் இன்று குற்றத்துக்குச் சான்றாகக் கருதப்பட்டது. வேலிக்குள் எஞ்சியது மீண்டும் அந்த நாலைந்து அடி மண்ணும் தகரமும்தான்.

விடுதலைக்குப்பின் நேர்ந்த தோட்டத் துண்டாடல் மற்றொரு வகைத் துயரம். ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களை விற்க, வாங்கியோர் துண்டுகளாக்கி மறுபடி விற்க, லயத்தை விட்டு வெளியேற வேண்டியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தனர். 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளரின் சிறுசேமிப்பைத் திரட்டித் தோட்டம் வாங்கியது இதற்கு விடையாகவே. இருபது ஆண்டுகள் வளர்ந்த முருங்கையைத் தகரத்தில் தூக்கிச் செல்ல இயலாது. கிளை ஒன்றை வெட்டிக் கோணியில் சுற்றிக்கொண்டு போனவர்கள் உண்டு.

இக்கலன்களுக்கு ஒரு தீய பக்கமும் உண்டு. அதனை மறைப்பது நேர்மையன்று. 1901இல் கிள்ளானில் மால்கம் வாட்சன் சதுப்பை வடித்து மலேரியாவை அடக்கிக் காட்டினார். வீட்டருகே நின்ற சிறு நீரை விரும்பும் ஏடிஸ் கொசுவோ வேறு குணமுடையது. மழைநீர் தேங்கிய பால் டின்னும் கொட்டாங்கச்சியும் அதற்கு மாளிகை. 1962இல் பினாங்கில் குருதிக்கசிவு டெங்கிக் காய்ச்சல் கண்டறியப்பட்டது. சிங்கப்பூர் 1968இலும் மலேசியா 1975இலும் நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் சட்டங்களை இயற்றின. அதன்பின் வாசலில் கவிழாமல் கிடக்கும் கொட்டாங்கச்சிக்குத் தண்டம் விதிக்க இடமேற்பட்டது. துளையிட்ட கலனில் நீர் தங்காது என்பது மூத்தோர் வழக்கத்தில் ஏற்கெனவே அடங்கியிருந்தது. ஆனால் ஒதுக்கிப் போட்ட கலனுக்குத் துளையிடுவோர் எவருமில்லை. கேடு அங்கிருந்தே வந்தது.

1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடியை ஒட்டி உணவு விலை உயர்ந்தபோது, கொல்லைத் தோட்டம் அரசின் கொள்கையாகவே ஆயிற்று. 1974இல் துன் அப்துல் ரசாக் தொடங்கிய பசுமைப் புத்தகத் திட்டம், காலி நிலமெங்கும் காய்கறி நடுமாறு மலேசிய மக்களை அழைத்தது. பள்ளி வளாகங்களில் மீண்டும் பாத்திகள் தோன்றின. தோட்டப்புறத்தாருக்கு அதில் புதுமை ஏதும் இருந்திருக்காது.

சிங்கப்பூரில் கதை வேறு திசையில் சென்றது. 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அமைந்தபின், கம்பத்து வீடுகளிலிருந்து மக்கள் அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தனர். தரை போயிற்று, தாழ்வாரம் எஞ்சியது. தமிழர் வீட்டு வாசலில் துளசி, கற்பூரவல்லி, கறிவேப்பிலை, வெற்றிலைக்கொடி ஆகியன தொட்டியில் நின்று, எண்ணைப் பாராமலே அது யார் வீடு என்று அறிவித்தன. தாழ்வாரம் பொதுவழி என்பதால் வழியை மறிக்கும் தொட்டிகளை அகற்றுமாறு அறிவிப்பு வரும். லயத்து மண்ணைப் போலவே அதுவும் பிறர் உடைமை. மலேசியாவிலும் பிற்காலத்தில் இரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது, லயத்து மக்களில் பலர் மலிவுவிலை அடுக்குமாடிகளில் குடியேறினர். அங்கும் மூன்றாம் மாடியில் கீரை முளைத்தது.

2020ஆம் ஆண்டு கொள்ளைநோய்க் காலத்தில், இறக்குமதி உணவையே நம்பி வாழும் சிங்கப்பூரில் தேசியப் பூங்காக் கழகம் இல்லங்களுக்குக் காய்கறி விதைப் பொட்டலங்களை இலவசமாக அனுப்பியது. விதை வந்தது. மீன் வந்த நுரைப்பெட்டியும், நெடுக்காக வெட்டிய எண்ணெய்ப் போத்தலும், பால்மாவு டின்னும் தொட்டிகளாயின. மண்ணெண்ணெய்த் தகரத்தை இளையோர் பார்த்ததுகூட இல்லை. அடியில் துளையிட அவர்களும் ஆணியையே அடுப்பில் சூடாக்கினர்.